ஆத்துக்குப் பால் ஊத்தாதீங்கய்யா!

பதிவு போட்டு மாசக்கணக்குல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான். "நீ எழுதலைன்னு இங்க யாரு அழுதா"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. இருந்தாலும் இன்னைக்கு எழுதியே ஆகணும். வயித்தெரிச்சல்னு ஒண்ணு வந்துட்டா பொட்டி தட்டறவனுக்கு இதை விட்டா வேற என்ன வடிகால் இருக்கு, சொல்லுங்க?

மேட்டர் இதுதான். கேமரா வச்சிருக்கற நம்ம கூட்டத்துக்கு ஒரு வியாதி வந்திருக்கு. சாயங்காலம் ஆனா போதும், டிரைபாடைத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் தண்ணிப் பக்கம் போய் நின்னுடறோம். லென்சுக்கு முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டறோம். ஷட்டரை நிமிஷக்கணக்குல திறந்து வச்சுட்டு, பக்கத்துல உக்காந்து கொசு அடிக்கறோம். வீட்டுக்கு வந்து பார்த்தா தண்ணி பாலா மாறியிருக்கு. கடல், அருவி, ஆறு, குளம், ஏரி எதுவா இருந்தாலும் ரிசல்ட் ஒண்ணுதான். மேல ஊதா வானம், கீழ வழவழன்னு வெள்ளையா என்னவோ ஒண்ணு, நடுவுல ஒரு பாறை, இல்லைன்னா ஒரு மண்டபம். தலைப்பு? "அமைதி". இல்லைன்னா "மௌனம்". கொஞ்சம் இலக்கியம் படிச்ச ஆளா இருந்தா "நிசப்தத்தின் நிறம்". அவ்வ்வ்வ்.

போன வாரம் ஒரே நாள்ல இந்த மாதிரி 11 படம் பார்த்தேன். 11 பேரும் வேற வேற ஊர்ல எடுத்தது. ஊர்ப் பேரை மாத்தி மாத்திப் போட்டிருந்தா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. அங்கதான் கடுப்பாச்சு.

"நீ என்ன பெரிய யோக்கியமா"ன்னு கேட்டா, இல்லைங்க. இந்தப் பதிவுல முதல் குற்றவாளி நான்தான். அதனால வாக்குமூலத்துல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. "மன்னார்குடி மதிலழகு"ன்னு சொலவடை கேட்டிருப்பீங்க. மதில் மட்டும் இல்லை, குளமும் அழகுதான். ராஜகோபாலசுவாமி கோயிலோட தெப்பக்குளத்துக்குப் பேரு ஹரித்ரா நதி. ஆமாம், குளத்துக்குப் பேரே நதி. 1158 அடி நீளம், 837 அடி அகலம், கிட்டத்தட்ட 23 ஏக்கர். ஹரித்ரான்னா மஞ்சள். கண்ணன் கோபியரோட ஜலக்கிரீடை பண்ணப்போ அவங்க பூசியிருந்த மஞ்சள் கரைஞ்சு தண்ணி மஞ்சளானதா ஸ்தலபுராணம். காவிரியோட மகள்னும் சொல்லுவாங்க. நாலு கரையிலயும் தெரு, வீடுங்க. சின்ன வயசுல என் சாயங்காலம் பாதி அந்தப் படிக்கட்டுல போனதுதான்.

2023 பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்போ, செகண்ட் ஹாண்ட்ல வாங்கின நிக்கானும், புதுசா வாங்கின 10 ஸ்டாப் பில்டரும் கையில. தெரியாதவங்களுக்கு: ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி. 10 தடவை பாதி பண்ணினா 1024-ல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள வரும். (1024-னு பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்துச்சுன்னா நீங்களும் நம்ம ஜாதிதான்.) சூரியன் இறங்கினப்புறம் எஃப் 11, ஐஎஸ்ஓ 100-ல மீட்டர் கால் செகண்ட் காட்டுச்சு. பில்டர் போட்டா 256 செகண்ட், அதாவது 4 நிமிஷம் 16 செகண்ட்.

திறந்து வச்சேன். படியில ஒரு அக்கா துணி அலசிக்கிட்டு இருந்தாங்க. பசங்க நாலு பேரு குதிக்கறதும் ஏறறதும் மறுபடி குதிக்கறதுமா இருந்தானுங்க. கோயிலுக்குப் போறவங்க இறங்கி கால் நனைச்சுட்டுப் போனாங்க. ஓரமா ஒரு தாத்தா, ஒண்ணுமே பண்ணாம தண்ணியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

படம் வந்துச்சு. தண்ணி கண்ணாடி. நடு மண்டபம் அப்படியே தலைகீழா கீழயும் தெரியுது. வானம் ஊதா. செம. அப்புறம்தான் கவனிச்சேன், படியில யாருமே இல்லை. துணி அலசின அக்கா இருந்த இடத்துல லேசா புகை மாதிரி ஒரு தீத்தல். பசங்க சுத்தமா அவுட். கால் நனைச்சவங்க வந்த தடமே இல்லை. தாத்தா மட்டும் ஓரளவு தெளிவா, மகாராஜா மாதிரி உக்காந்திருக்கார்.

அன்னைக்கு எனக்கு அது பெரிய சாதனையா இருந்துச்சு. "கூட்டமே இல்லாம எப்படிடா எடுத்தே?"ன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

இது புதுக் கதையும் இல்லை. 1838-ல பாரிஸ்ல தாகேர், ஜன்னல் வழியா ஒரு தெருவைப் படம் எடுத்தார். பூலவார் து தாம்ப்ள்னு தெருப் பேரு. வண்டியும் ஆளுமா இருந்த தெரு. அந்தக் காலத்துத் தகட்டுக்கு நிமிஷக்கணக்குல வெளிச்சம் வேணும். அதனால நடந்தவன், ஓடினவன், வண்டி ஓட்டினவன் அத்தனை பேரும் மாயம். ஒரே ஒரு ஆள் மட்டும் தெளிவா நிக்கறான். ஏன்னா அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு நின்னான். ஃபோட்டோவுல பதிவான முதல் மனுஷங்க அவங்கதான்னு சொல்லுவாங்க. பாலிஷ் போட்டவனும் இருக்கான், ஆனா கொஞ்சம் கலங்கலா. கை ஆடிக்கிட்டே இருக்கணுமே.

இப்ப என் குளத்துப் படத்தை நினைச்சுப் பாருங்க. துணி அலசினவங்க போயிட்டாங்க, சும்மா உக்காந்தவர் இருக்கார். நீண்ட எக்ஸ்போஷரோட சட்டம் இதுதான் மக்களே. வேலை செய்யறவன் அழிஞ்சு போவான், சும்மா இருக்கறவன் நிலைச்சு நிப்பான். தாகேருக்கு வேற வழியில்லை, தகடு அப்படி. எனக்கு என்ன தலையெழுத்து? காசு குடுத்து இல்ல கண்ணாடி வாங்கினேன்!

இதுலயே இன்னொரு கொடுமை இருக்கு. 1856-58 வாக்குல குஸ்தாவ் ல கிரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கடலைப் படம் எடுத்தார். அப்ப எல்லாருக்கும் இருந்த பெரிய தலைவலியே அலைதான். எப்படி எடுத்தாலும் அலை குழம்பிப் போயி வெள்ளையா வரும். இவர் போராடி, அலை அலையா தெரியற மாதிரி எடுத்தார். வானத்துக்கும் கடலுக்கும் ஒரே வெளிச்சக் கணக்கு ஒத்து வராதுன்னு, சில படத்துக்கு ரெண்டு நெகட்டிவைச் சேர்த்துப் பிரின்ட் போட்டார். பார்த்த ஜனம் வாயைப் பிளந்துச்சு. அலையை நிறுத்திட்டான்யா மனுஷன்னு. அவங்க எந்தக் குறையில இருந்து தப்பிக்க அந்தப் பாடு பட்டாங்களோ, அந்தக் குறையை நாம இன்னைக்குப் பில்டர் வாங்கி வரவழைச்சு "கலை"ன்னு பேரு வச்சிருக்கோம். ஐபோன்ல 2017-லயே லைவ் ஃபோட்டோவை லாங் எக்ஸ்போஷரா மாத்தற வசதி வந்துட்டுது. டிரைபாடு வேணாம், கொசுக்கடி வேணாம், விரலை வச்சா பால் ரெடி.

சரி, குளத்துல ஆள் காணாம போனதோட விட்டிருந்தா நானும் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அடுத்ததுதான் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது.

அதே 2023. மேட்டூர் அணை ஜூன் 12 வழக்கப்படி திறந்தாங்க. டெல்டால குறுவை நட்டாங்க. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தென்மேற்குப் பருவமழை அங்க ஏமாத்திடுச்சு, செப்டம்பர்ல தினம் டிவில 5000 கன அடி, 3000 கன அடின்னு பஞ்சாயத்து, ரெண்டு பக்கமும் போராட்டம். அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூர்ல டெல்டா பாசனத்துக்கான தண்ணியை நிறுத்திட்டாங்க. ஜனவரி 28 வரைக்கும் ஓட வேண்டிய தண்ணி. கடைமடையில குறுவை கருகினதை எல்லாரும் பார்த்தோம். எங்க சித்தப்பாவுக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். அதுல பாதிக்கு மேல போச்சு.

எங்க ஊரு பக்கம் ஓடறது பாமணி ஆறு. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். அதுல வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் வந்து, மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி மூணாப் பிரியும். பாமணி மன்னார்குடியைத் தொட்டுட்டுப் போயி முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தியில கலக்கும். மேட்டூர்ல இருந்து பங்கு பிரிச்சுப் பிரிச்சு எங்ககிட்ட வர்றது வாலோட வால். ஆத்துல தண்ணி இருக்கா இல்லையாங்கறது எங்களுக்கு இயற்கை ரசனை இல்லை, சோறு.

அந்த அக்டோபர் கடைசியில நான் ஊருக்குப் போனேன். ஆத்துல தண்ணி கணுக்கால் அளவு. நடுவுல மணல் திட்டு, அங்கங்க கோரை, ஓரம் பூரா வெங்காயத்தாமரை. எனக்கு அது எதுவும் மனசுல ஏறலைங்க. மேற்க வானம் செவந்திருந்துச்சு. நமக்குத்தான் வானம் செவந்தா மூளை வேலை செய்யாதே. டிரைபாடைத் தண்ணி மட்டத்துக்கு இறக்கி, அகல லென்ஸ் போட்டு, அதே 256 செகண்ட்.

படத்துல ஆறு நிறைஞ்சு ஓடுது!

எப்படின்னு பொறியாளர் மூளையோட யோசிச்சுப் பார்த்தேன். தண்ணியைக் கிட்டத்தட்ட அதோட மட்டத்துல இருந்து பார்த்தா அது கண்ணாடி. வானத்தைத்தான் காட்டும், அடியைக் காட்டாது. கணுக்கால் தண்ணியும் கழுத்தளவு தண்ணியும் அந்தக் கோணத்துல ஒண்ணுதான். அப்ப ஆழம் கம்மின்னு நம்ம கண்ணு எப்படிக் கண்டுபிடிக்குது? மணல் தட்டற இடத்துல சிலுசிலுன்னு சின்ன அலை எழும்பும். கோரையைச் சுத்தி தண்ணி சுழிக்கும். அடியில ஏதோ மாட்டின குச்சி துடிக்கும். இந்த அசைவெல்லாம்தான் ஆழத்துக்கு சாட்சி. 256 செகண்ட் ஷட்டர் முதல்ல கொல்றது இந்த சாட்சிங்களைத்தான். மிச்சம் இருக்கறது கரைக்குக் கரை பளபளன்னு ஒரு பரப்பு. வெங்காயத்தாமரை கூட லேசா ஆடி, மங்கி, ஏதோ பச்சைப் பசேல்னு படுகை மாதிரி வந்திருந்துச்சு.

ஆபீஸ்ல தீபாவளிக்கு ஃபோட்டோ போட்டி வச்சாங்க. "காவிரித் தாய்"னு தலைப்புப் போட்டு (இப்ப எழுதும்போது கை கூசுது) அனுப்பினேன். ரெண்டாவது பரிசு, ஒரு ஹெட்போன். படத்தைப் பெரிசா பிரின்ட் போட்டு காபி மெஷின் பக்கத்துல மாட்டிட்டாங்க. ஒரு வாரம் நான் தரையில நடக்கலை.

ஒரு நாள் காபி பிடிக்கும்போது பக்கத்து டீம்காரர் ஒருத்தர் படத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டார். நல்ல மனுஷன், நக்கலுக்குக் கேக்கலை. "இது உங்க ஊரா பாஸ்? இவ்ளோ தண்ணி ஓடுதே. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் தண்ணி தண்ணின்னு சண்டை?"

காபி அப்படியே தொண்டையில நின்னுடுச்சு. என்ன பதில் சொல்றது? "இல்லைங்க, அது கணுக்கால் தண்ணி, நான்தான் ஏமாத்திட்டேன்"னா? ஏதோ மழுப்பிட்டு சீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு ஒரு வரி கோடு ஓடலை.

அப்புறம் அந்தப் படத்தை அப்பா வாட்ஸப்புல குடும்பக் குரூப்புக்கு அனுப்பியிருக்கார், பையன் பரிசு வாங்கின பெருமை. சித்தப்பா ஃபோன் பண்ணினார்.

"தம்பி, படம் நல்லாருக்குப்பா. எந்த வருசத்துது? 2005 வெள்ளத்துலயா?"

2005-ல நான் சின்னப் பையன், அது அவருக்கும் தெரியும். இன்டர்நெட்ல இருந்து எடுத்திருப்பேன்னு நினைச்சிருப்பார் போல.

"இல்ல சித்தப்பா. போன மாசம் எடுத்தது. நம்ம பாலத்துக்குக் கீழ."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரிச்சார். அந்தச் சிரிப்புல சிரிப்பு இல்லை.

"போன மாசம் அந்த எடத்துல என் மாடு முட்டி நனையாம அக்கரைக்குப் போயிட்டேடா தம்பி. இதை அதிகாரிங்க எவனாச்சும் பார்த்தா நிவாரணம் எதுக்குன்னுல்ல கேப்பான்?"

அவ்வளவுதான். திட்டலை. "உடம்பப் பார்த்துக்க, நேரத்துக்கு சாப்பிடு"ன்னு வச்சுட்டார். திட்டியிருந்தா தேவலை.

அடுத்த நாள் அந்த பிரின்ட்டைக் கழட்டச் சொல்லி மெயில் போட்டேன். "ஏன், நல்லாத்தானே இருக்கு?"ன்னாங்க. காரணம் எழுத வரலை. இப்பதான் எழுதறேன்.

தமிழ்ல "பால் ஊத்தறது"ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உசிரோட இருக்கற ஆத்துக்கு நாம ஊத்தறது அந்தப் பால்தான்.

இந்த விஷயத்தை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசும்போது வழக்கமா மூணு பதில் வரும். மூணையும் ஒரு கை பார்த்துடலாம்.

1. "கேமரா எப்படி எடுத்தாலும் பொய்தானே? 4000-ல ஒரு செகண்ட்ல உறைஞ்சு நிக்கற தண்ணித் துளியை மட்டும் எவன் கண்ணால பார்த்தான்?"

நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். எல்லா ஷட்டர் வேகமும் ஒரு தேர்வுதான். என் சண்டை பொய்யோட இல்லை. அந்தத் தேர்வு எதை விழுங்குதுன்னு தெரியாமலே தேர்ந்தெடுக்கறோம் பாருங்க, அதோடதான். உறைஞ்ச துளியைப் பார்த்து யாரும் ஆத்துல தண்ணி நிறைய இருக்குன்னு ஏமாற மாட்டாங்க. என் படத்தைப் பார்த்து ஏமாந்தாங்க. பொய்யிலயும் தரம் இருக்குய்யா.

2. "வெளிநாட்டு ஜாம்பவான்கள் எல்லாம் பண்றாங்களே?"

பண்றாங்க. ஆனா ஏன் பண்றாங்கன்னு பார்த்தீங்களா? ஜப்பான்காரர் சுகிமோட்டோ சினிமா தியேட்டருக்குள்ள கேமராவை வச்சு, படம் ஆரம்பிக்கும்போது திறந்து முடியும்போது மூடினார். ரெண்டு மணி நேர சினிமா மொத்தமும் சேர்ந்து திரை வெறும் வெள்ளையா நிக்கும். அந்த வெள்ளைக்கு ஒரு அர்த்தம் இருக்கு: முழுப் படமும் அதுக்குள்ள இருக்கு. ரஷ்யாவுல தித்தரென்கோ, சோவியத் உடைஞ்ச சமயம், 1990-களோட ஆரம்பத்துல, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ வாசல்ல முண்டியடிக்கற கூட்டத்தை நீண்ட எக்ஸ்போஷர்ல எடுத்தார். ஜனம் புகையா ஆயிடுச்சு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிச்ச கைங்க மட்டும் அங்கங்க தெரியுது. பார்த்தா வயித்தைக் கலக்கும். நாடே காலுக்குக் கீழ கரையறப்போ மனுஷன் எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அவரும் ஆளுங்களை அழிச்சார், ஆனா அழியறதையே படமா காட்டினார். என் குளத்துப் படத்துல அந்த அக்கா அழிஞ்சதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமில்லை. ஃப்ரேம் க்ளீனா இருக்கணும், அவ்வளவுதான்.

3. "அழகா இருக்குல்ல, அது போதாதா? எல்லாத்துலயும் கருத்து சொல்லணுமா?"

இதுதான் எனக்கு ரொம்பக் கோவம் வர்ற கேள்வி. அழகு போதும்தான். ஆனா யாரோட அழகு? யூட்யூப்ல ஐஸ்லாந்துக்காரரும் நார்வேக்காரரும் சொல்லிக் குடுக்கறதைப் பார்த்துட்டு வந்து நிக்கறோம். அவங்க ஊர்ல கோடையில சாயங்காலம் முடியவே முடியாது. ஜூன் மாசம் ஐஸ்லாந்துல ராத்திரி பூரா மசங்கல் வெளிச்சம்தான். ஆற அமர பத்து படம் எடுக்கலாம். நம்ம மன்னார்குடி நிலநடுக்கோட்டுல இருந்து பத்தரை டிகிரி சொச்சம். சூரியன் இங்க செங்குத்தா தடால்னு இறங்கும். சூரியன் மறைஞ்சு, நல்ல மசங்கல் வெளிச்சம் போறதுக்கு 21, 22 நிமிஷம். 256 செகண்ட் எக்ஸ்போஷர், அப்புறம் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டிருந்தா கேமரா இன்னொரு 256 செகண்ட் இருட்டை எடுத்துக் கழிக்கும். ஒரு படத்துக்கு எட்டரை நிமிஷம். கூட்டிக் கழிச்சா ஒரு சாயங்காலத்துக்கு ரெண்டு படம். அந்த 20 நிமிஷத்துலதான் எங்க ஊரே நடக்குது. மாடு வீடு திரும்புது, கொக்கு கூட்டம் கூட்டமா போகுது, படித்துறையில விளக்கு எரியுது, கடை வாசல்ல தண்ணி தெளிக்கறாங்க. அந்த நேரத்துல நாம பில்டரைப் போட்டு மூடிக்கிட்டு வாட்சைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

வடுவூர் ஏரிக்கு என் ஃப்ரெண்ட் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போனேன். எங்க ஊர்ல இருந்து தஞ்சாவூர் ரோட்டுல இருக்கு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த பறவைகள் சரணாலயம். சீசன்ல பறவைச் சத்தத்துல பக்கத்துல பேசறது கேக்காது. பய 30 செகண்ட் வச்சான். படம் சூப்பர். ஏரி கண்ணாடி. ஒரு பறவை இல்லை. பறவைகள் சரணாலயத்துக்கு வந்து பறவையே இல்லாம படம் எடுத்த முதல் ஆள் நீதான்டான்னேன். "மினிமலிசம்"ங்கறான். கிர்ர்ர்ர்.

சரி, "லாங் எக்ஸ்போஷரைத் தடை பண்ணணுமா"ன்னு கேக்காதீங்க. பில்டரை இன்னும் வச்சிருக்கேன், தூக்கிப் போடலை. என் கட்சி இவ்வளவுதான்: தண்ணி என்ன பண்ணுதுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் நேரத்தை முடிவு பண்ணுங்க.

ஆத்துத் தண்ணி செகண்டுக்கு அரை மீட்டர் ஓடுதுன்னு வைங்க. 256 செகண்ட்ல 128 மீட்டர் போயிடும். அதாவது ஷட்டர் திறக்கும்போது முன்னாடி இருந்த தண்ணி, மூடும்போது பக்கத்துத் தெருவுல இருக்கும். அதே தண்ணி கால் செகண்ட்ல 12 சென்டிமீட்டர் சொச்சம்தான் நகரும். அந்த 12 சென்டிமீட்டர் படத்துல நூல் நூலா விழும். எந்தப் பக்கம் ஓடுது, எங்க சுழிக்குது, எங்க வேகம், எங்க தேக்கம், எல்லாம் தெரியும். மதகுல பலகைக்கு நடுவுல பீய்ச்சற தண்ணியைக் கால் செகண்ட்லயும் 30 செகண்ட்லயும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல தண்ணி இருக்கும், இன்னொண்ணுல பஞ்சு இருக்கும்.

நீளமா திறந்து வைக்க வேண்டிய இடமும் இருக்கு. ஹரித்ரா நதியில ஆனி மாசம் தெப்பம் நடக்கும். ராத்திரி விளக்கு ஜோடனையோட தெப்பம் குளத்தைச் சுத்தி வர்றதை நிமிஷக்கணக்குல திறந்து வச்சு எடுத்தா, விளக்கு வந்த வழி பூரா தண்ணி மேல கோடா நிக்கும். அங்க நேரம் எதையும் அழிக்கலை, சுத்தி வந்ததையே எழுதிக் காட்டுது. அந்த இடத்துக்கு அந்த நேரம் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழ "அமைதி", "மௌனம்" எல்லாம் வேணாம். தேதி போடுங்க, இடம் போடுங்க, எத்தனை செகண்ட்னு போடுங்க, தண்ணி எவ்வளவு இருந்துச்சுன்னு போடுங்க. என் படத்துக்குக் கீழ "பாமணி ஆறு, அக்டோபர் 2023, 256 செகண்ட், கணுக்கால் தண்ணி"ன்னு இருந்திருந்தா அந்தக் காபி மெஷின் கேள்வி வந்திருக்காது. சித்தப்பாவும் அப்படிச் சிரிச்சிருக்க மாட்டார்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். 2025-ல மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்துட்டாங்க. எங்க பக்கம் தண்ணி எப்ப வரும்னு தினம் சித்தப்பாவுக்கு ஃபோன். "நாளைக்குள்ள வந்துரும் போல்ருக்கு, தலைப்புல திறந்துட்டான்"னு ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். அன்னைக்கு ராத்திரியே மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் ஆத்தங்கரையில நின்னோம். பில்டரை வீட்டுலயே வச்சுட்டுப் போனேன்.

வந்துச்சுங்க. முன்னாடி ஒரு விரிசை நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில், யாரோ விட்ட ஒத்தைச் செருப்பு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு, காஞ்ச மணலை நனைச்சு நனைச்சு, பின்னாடி காவிக் கலர்ல புதுத் தண்ணி. பையன் ஒருத்தன் அதுக்கு முன்னாடியே ஓடினான். அரை செகண்ட் வச்சு எடுத்தேன். பையன் கலங்கலாதான் விழுந்தான், ஆனா இருக்கான். நுரை எந்தப் பக்கம் போகுதுன்னு குருடனுக்கும் தெரியும். வானம் ஒண்ணும் பிரமாதமா இல்லை, சாம்பல் கலர்.

கேமரா ஸ்கிரீன்ல சித்தப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டுவார்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

"அந்த வாய்க்கா மதகுல கீழ்ப் பலகை ஒடஞ்சுருக்கு பாத்தியா? அது வழியாத்தான் ஒழுகுது. நேர்ல நின்னப்ப கவனிக்கல. இத எனக்கு அனுப்பிவுடு, காட்டணும்."

அனுப்பிட்டேன். திங்கக்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டார், யார்கிட்ட காட்டணுமோ அவங்ககிட்ட. என் படம் ஒண்ணு இதுவரைக்கும் வாங்கின பெரிய பரிசு அதுதான். ஹெட்போன் எப்பவோ ஒரு காது கேக்காம போச்சு.

டிஸ்கி: திட்டணும்னு தோணறவங்க வரிசையில வாங்க. ஆனா வரும்போது நீங்க கடைசியா எடுத்த தண்ணிப் படத்தையும், அது எத்தனை செகண்ட், அன்னைக்கு அங்க தண்ணி எவ்வளவுங்கறதையும் சொல்லிட்டு ஆரம்பிங்க. "ஞாபகம் இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு ஆட்டம் அப்பவே க்ளோஸ் :-)